பதினொரு பந்துகளும் பன்னிரண்டு டிகிரியும்

1

குளிர் நாட்டில் குளிர்ப்பெட்டி விற்பது என் வேலை. அதுவும் பாலுக்கும் காய்கறிக்குமான பெட்டி அல்ல, ஒயின் பாட்டில்களுக்கு மட்டுமேயான பெட்டி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வருடத்தில் பத்து மாதம் பாட்டிலை வாசற்படியில் வைத்தாலே ஜில்லென்று ஆகிவிடும் ஒரு சின்ன ஊர். அங்கே வீட்டு உபயோகப் பொருள் கடையொன்றில் ஒயின் சில்லர் பகுதிக்கு நான் பொறுப்பு. நகரி ஏகாம்பரம் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. சில்லர் வாங்க வேண்டுமா, ஏகாவைக் கேள் என்பார்கள்.

ஒயினுக்கு அதிகக் குளிர் ஆகாது, வெக்கையும் ஆகாது. பன்னிரண்டு டிகிரியில் அசையாமல் இருக்க வேண்டும். வெளிச்சம் படக்கூடாது, அதனால் கதவுக்குக் கறுப்புக் கண்ணாடி. பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்கை காய்ந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக அதிர்வு கூடாது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆந்திர எல்லையோரம் நகரியில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடும் அறைக்கு அடுத்த அறையில்தான் நாங்கள் நாலு பிள்ளைகளும் படுத்துத் தூங்கினோம். சுவரே ஆடும். தறி நின்றால்தான் விழிப்பு வரும், கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி வளர்ந்தவன் இன்றைக்கு ஒரு பாட்டிலின் தூக்கம் கலையாமலிருக்க யோசனை சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒயினை வாயில் வைத்ததே இல்லை. பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது, வேண்டுதல். இன்டர் பரீட்சையில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், கணக்கில் தேறினால் வாழ்நாளெல்லாம் மதுவைத் தொடமாட்டேன் என்று ஏழுமலையானிடம் சொல்லிவிட்டேன். அதுவரை தொட்டதில்லை என்பதால் மிகச் சுலபமான வேண்டுதலாகத் தெரிந்தது. அவர் தேறவைத்துவிட்டார். கணக்கு மறந்துவிட்டது, வேண்டுதல் நிற்கிறது.

2

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் முடிந்த அதே வாரம், கடைக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் ஈவன். என் மகள் யாமினி கட்டிக்கொள்ளப் போகும் பையன் ரோரியின் அப்பா. மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"புதுச் சமையலறை கட்டுகிறேன். ஒயின் பெட்டி ஒன்று வேண்டும். நீங்கள் நிபுணர் என்று யாமினி சொன்னாள்" என்றார்.

எத்தனை பாட்டில் என்று கேட்டேன். இருபது என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள், ஆறு மாதத்தில் நாற்பது ஆகிவிடும், பெரியதாகவே வாங்குங்கள் என்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அலமாரிக்குள் பொருத்துவதானால் சூடு முன்பக்கமாக வெளியேறும் பெட்டியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். குடிக்கிற அன்று குளிரவைக்கத்தான் இரண்டு அறைப் பெட்டி, நாள்கணக்கில் வைத்திருக்க ஒரே அறை போதும். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் கல்யாணத்தின்போது என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, தன் சம்பந்தியிடம் பேசிய முதல் பேச்சு, நகரி பஸ் புத்தூரில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்பது. நான் பேசியது சூடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது.

பெட்டி வந்து பொருத்தியாயிற்று. நன்றி சொல்ல எங்களைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டார். ஒன்றரை மாதம் தள்ளி, ஜூனில் ஒரு சனிக்கிழமை.

"மொத மொத சம்பந்தி வூட்டுக்குப் போறோம், வெறுங்கைய வீசிக்கினு போவ முடியுமா?" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

யாமினி அன்றைக்கே எச்சரித்துவிட்டாள், ஆங்கிலத்தில்தான். அவள் ஆறு வயதில் இங்கே வந்தாள். எட்டு வயதில், பள்ளிக்கூட வாசலில் ஒருநாள், நைனாவாக இருந்த நான் டாட் ஆனேன். கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. தமிழ் அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் கழன்றுபோனது. சண்டை போட்டு விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், யாரும் கவனிக்காமலே போயிற்று.

"தட்டு வேண்டாம். தேங்காய் வேண்டாம். பட்டு வேண்டாம். சின்னதாக ஏதாவது போதும். தயவுசெய்து, டாட்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ரோரி முதன்முதலாக எங்கள் குடியிருப்புக்கு வந்த அன்று கஸ்தூரி வாசலில் நிறுத்தி, தட்டில் கற்பூரம் கொளுத்தி ஆரத்தி சுற்றினாள். மேலே இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும், ஒருவர் குளியல் துண்டோடு, தெருவில் இறங்கி நின்றார்கள். ரோரி நல்ல பையன், சிரித்தான். யாமினி சிரிக்கவில்லை. எங்களைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஈவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் மகள் எங்களால் இன்னொரு முறை தலைகுனியக்கூடாது. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

ஈவனுக்கு ஒயினைவிட்டால் கோல்ஃப். கோல்ஃப் பிரியர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று மூன்று நாள் தேடினேன். தொப்பி, கையுறை, பந்தை ஏற்றி வைக்கும் சின்ன மர ஆணி, தண்ணீரில் விழுந்த பந்தை எடுக்கும் நீளக் கம்பு, தூரம் காட்டும் கருவி, காற்றில் மடங்காத குடை. எல்லாவற்றையும் ரோரியிடம் கேட்டேன். எல்லாமே அப்பாவிடம் இரண்டிரண்டு இருக்கிறது என்றான். "தீர்ந்துபோவது பந்து மட்டும்தான். ஒரு ஆட்டத்துக்கு நாலைந்தாவது முட்புதரில் தொலைத்துவிடுவார்."

தொலைந்துகொண்டே இருக்கும் பொருள்தான் பொருத்தமான பரிசு என்று முடிவுசெய்தேன். ஒரு டஜன் பெட்டி, நல்ல ரகம், வாங்கிவந்தேன். கஸ்தூரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்புளுது இன்னா கீது? கடையில அவரே வாங்கிக்க மாட்டாரா?"

3

மே மாதம் நைனாவின் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனோம். பந்துப் பெட்டியும் வந்தது. கஸ்தூரியின் தம்பி முனிரத்தினம் திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் அச்சுக்கடை வைத்திருக்கிறான். காகிதத்தில் அடிப்பது குறைவு. சாவிக்கொத்து, பேனா, காபிக் கோப்பை, சுவர்க் கடிகாரம் என்று எதைக் கொடுத்தாலும் அதன்மேல் அச்சடித்துத் தருவான். பந்தில் ஈவன் பெயரை அடித்துக் கொடுத்தால் நம் ஊர்க் கைபட்டதாகவும் இருக்கும், யாமினி சொன்னபடி சின்னதாகவும் இருக்கும். யோசனை என்னுடையதுதான். வேறு யார்மேலும் பழிபோட முடியாது.

முனிரத்தினம் ஒரு பந்தை விரலில் உருட்டினான்.

"இன்னா மாமா இது, மேலெல்லாம் குழி குழியா கீது?"

"கோல்ஃப் பந்துடா."

"டிவில பாத்துகீறேன். ஒருத்தன் கம்ப வெச்சிகினு ரொம்ப நேரம் நிப்பான். அப்பால எல்லாரும் நடந்துகினே இருப்பாங்க. அதானே?"

"அதேதான். இந்தப் பேரைச் சின்னதா அடிச்சுக் குடு. குழிமேல நிக்குமா?"

"பர்வாலேது மாமா, நான் பாத்துக்கிறேன். நீ போய்த் திதி வேலையப் பாரு." வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரிடம் அதே மூச்சில் தெலுங்குக்கு மாறி, சாவிக்கொத்தில் பெருமாள் எந்த அளவில் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தான்.

நகரியில் திதி முடித்து மறுநாள் மாலை வந்தோம். பன்னிரண்டு பந்தும் மேஜையில் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் ஈவன் பெயர், நீலத்தில். மறுபக்கம் நாமம், இருபுறமும் சங்கு, சக்கரம். குழிகள்மேல் ஒரு கோடு பிசகவில்லை.

"நான் பேரு மட்டும்தானேடா சொன்னேன்?"

"வெறும் பேரு போட்டா மொட்டையா கீது மாமா. திருப்பதிலேந்து போற சாமான்ல சாமி இல்லாம எப்டி? சம்பந்தி இன்னா நெனப்பாரு?"

கஸ்தூரி ஒரு பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒற்றிக்கொண்டேன். இருபது வருடமாகக் கோல்ஃப் மைதானத்தின் வேலியோரமாகவே வேலைக்கு நடந்துபோகிறவன். அந்தப் பந்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தோன்றவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். எங்கள் வீடுகளில் பரிசு என்றால் கண்ணாடி அலமாரியில் வைக்கிற பொருள். இன்டர் தேறியதற்குப் பெரிய மாமா கொடுத்த மைப் பேனா இன்னும் பெட்டியோடு நகரி வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஒரு சொட்டு மை ஊற்றியதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளில் இதுவரை யாரும் காபி குடித்ததில்லை. கொடுத்ததைப் பயன்படுத்தினால் கொடுத்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். பந்தையும் ஈவன் ஷோகேஸில் வைப்பார் என்று எங்கள் மூன்று பேர் மனசும் தானாக முடிவு செய்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது கஸ்தூரி எண்ணிப் பார்த்தாள்.

"பன்னெண்டு ஆவாதுடா. ஒத்தப்படையா இருக்கணும். ஒண்ண எடுத்துடு."

ஒரு பந்தை எடுத்து முனிரத்தினம் தன் கல்லாப்பெட்டிமேல் வைத்துக்கொண்டான். பன்னிரண்டு குழி உள்ள அட்டைப் பெட்டி, ஓர் இடம் காலியாக, எங்கள் பையில் ஏறியது.

4

ரேணிகுண்டா விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக்கு நின்ற ஆள் பந்தை எடுத்தார், நாமத்தைப் பார்த்தார், சட்டென்று இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பிரசாதமாங்க?"

"இல்லைங்க, பந்து."

"இன்னாத்துக்கு?"

"ஆடறதுக்கு."

"சாமியோடயா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சிரித்தேன். ஒரு மனிதர் அவ்வளவு தெளிவாகக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

இந்தப் பக்கம் வந்து இறங்கியபோது சுங்க அதிகாரி நிறுத்தினார். கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்துக்கே கோல்ஃப் பந்து கொண்டுவந்த முதல் ஆள் நான்தானாம். திருப்பதிக்கு லட்டு எடுத்துப் போகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தில் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு கட்டம், வழிபாட்டுப் பொருளுக்கு ஒரு கட்டம். இது எது என்றார். பரிசுப் பொருள் என்றேன். பரிசு என்பது காரணம்தான், பொருள் எது என்று கேட்டார். நான் முழிக்கவே, பக்கத்து மேஜையில் இருந்த கோல்ஃப் ஆடுகிற சக அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் நாமத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது எந்த மைதானத்தின் சின்னம்?"

"ஏழுமலை."

"கேள்விப்பட்டதில்லையே. கடினமான இடமா?"

"நடந்து ஏறினால் கடினம்தான்."

"முன்பதிவு உண்டா?"

"மூன்று மாதம் முன்னாடியே செய்ய வேண்டும்."

"நல்ல மைதானம் எல்லாமே அப்படித்தான்" என்று சொல்லி, விளையாட்டுப் பொருள் கட்டத்தில் குறிபோட்டு அனுப்பிவைத்தார்.

5

ஜூன் மாதத்தில் இங்கே இரவு எட்டு மணிக்கும் நல்ல வெயில். ஈவன் வாசலிலேயே காத்திருந்தார், கூடவே கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். நேரே சமையலறைக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினார். கறுப்புக் கண்ணாடிக் கதவு, நீல எழுத்தில் பன்னிரண்டு. சத்தமே இல்லை. கதவைத் தொட்டுப் பார்த்தேன், அதிர்வும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த பெட்டிகளில் மிக நல்ல பெட்டி என்று சொல்ல வேண்டும்.

யாமினி என் பக்கத்திலேயே நின்றாள். நாங்கள் தட்டும் தேங்காயும் இல்லாமல், ஒரே ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்திருந்ததில் அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஈவன் பிரித்தார். பதினொன்று என்று எண்ணினார். ஒன்று வழியில் திருடுபோயிருக்கும் என்று நினைத்து, மரியாதைக்காகக் கேட்காமல் விட்டார் என்று பிறகு தெரிந்தது. தன் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மறுபக்கம் இருப்பது என்ன என்றார். எங்கள் தெய்வத்தின் நெற்றிச் சின்னம், கையில் ஏந்தும் சங்கு, சக்கரம் என்றேன். "அற்புதம்! நாளைக் காலை எட்டரைக்கு முதல் அடி இந்தப் பந்தில்தான்" என்றவர், ஆசை தாங்காமல் கூடத்துக்கு ஓடி, மூலையில் சாய்த்திருந்த மட்டையை எடுத்துவந்தார். பந்தைக் கீழே கம்பளத்தில், தன் பூட்ஸ் காலுக்கு முன்னால் வைத்தார். மட்டையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஐயையோ! சாமிய அடிக்கப் போறாருங்க!" என்று கஸ்தூரி கத்தினாள்.

மட்டை நின்றது. நாய் எழுந்து நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முனிரத்தினம் கடையில், ரேணிகுண்டாவில், சுங்க மேஜையில் என்று மூன்று இடத்தில் உறைத்திருக்க வேண்டியது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் உறைத்து, காது மடல் சுட்டது.

யாமினி என் பக்கம் திரும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஈவனுக்கும் ரோரிக்கும் புரியக்கூடாது என்பதற்காக, தமிழில் கேட்டாள்.

"நைனா, இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? சாமி படத்தப் போட்டு அடிக்கக் குடுத்துகீறீங்களா?"

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து நைனா வந்தது. அப்பட்டமான நகரித் தமிழ். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் நான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஈவன் மட்டையோடு அப்படியே நின்றார். ரோரி எங்கள் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். என் பெற்றோர் பழைய ஆட்கள், இதெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆடுங்கள் என்று யாமினி சிரித்துச் சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

யாமினி குனிந்தாள். பந்தை எடுத்துத் தன் உடுப்பில் துடைத்தாள்.

"இதை அடிக்கக்கூடாது, ஈவன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் வீட்டில் பரிசை யாரும் பயன்படுத்துவதில்லை. கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்போம். நாங்கள் அப்படித்தான்."

நாங்கள் என்றுதான் சொன்னாள்.

ஈவன் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நிஜமாகவே பதறிப்போயிருந்தார். "அப்படியானால் எங்கே வைக்க வேண்டும்?"

கஸ்தூரி நிபந்தனைகளை அடுக்கினாள், யாமினி மொழிபெயர்த்தாள். கால் படக்கூடாது. தூசி கூடாது. நாய்க்கு எட்டக்கூடாது. பக்கத்தில் கறி இருக்கக்கூடாது. ஈவன் வீடு முழுக்கச் சுற்றிவந்தார், நாங்களும் பின்னாலேயே போனோம். கணப்புக்கு மேலே நாய் தாவும். அலமாரியில் காலுறை. ஃபிரிட்ஜில் மாட்டிறைச்சி. கடைசியில் சில்லருக்கு முன்னால் வந்து நின்றார்.

"தூசி இல்லை. வெளிச்சம் இல்லை. அதிர்வு இல்லை. நாயால் திறக்க முடியாது. இந்த வீட்டிலேயே அமைதியான இடம் இதுதான், உங்கள் கணவரே சொன்னது" என்று என்னைக் கைகாட்டினார்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, சாராயப் பொட்டியிலயா?"

எந்தச் சாமியிடம் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேனோ அவரையே கொண்டுபோய் பாட்டில்களுக்கு மேலே உட்காரவைக்க, பெட்டியையும் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

"மேல் தட்டு முழுசும் காலி பண்ணிடுவாரும்மா" என்றாள் யாமினி, மறுபடி தமிழில். இந்தத் தடவை யாருக்கும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

கஸ்தூரி கதவைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி கதவு கீது. நம்ம ஷோகேஸ் கணக்காதான் கீது" என்று ஒப்புக்கொண்டாள். ஈவன் மேல் தட்டைத் துடைத்தார். வெள்ளைத் தட்டொன்றில் பதினொரு பந்துகளும் நாமம் முன்பக்கம் தெரிய உட்கார்ந்தன. அதற்கப்புறம்தான் சாப்பிட்டோம்.

6

முனிரத்தினம் போன வாரம் பேசினான். கல்லாப்பெட்டிமேல் வைத்த பன்னிரண்டாவது பந்தைப் பார்த்துக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்களாம். "காருல வெக்க நல்லா கீதுன்றாங்க மாமா. அந்தப் பந்து இன்னும் நூறு அனுப்ப முடியுமா?" முடியாது என்று வைத்துவிட்டேன்.

ஈவன் இப்போதெல்லாம் ஆடக் கிளம்பும் முன் சில்லர் கதவை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறாராம். ஆட்டம் ஒன்றும் முன்னேறவில்லை, ஆனால் பந்து தொலைவது குறைந்திருக்கிறது என்று ரோரி சொன்னான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி அங்கே சாப்பாடு. ரோரியும் ஈவனும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். "யாமினி, ஒரு சிவப்பு எடுத்து வாயேன்" என்றார் ஈவன், பேச்சை விடாமல். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறை தெரிந்தது. யாமினி சில்லருக்கு முன்னால் போய் நின்றாள். வலது கால் நுனியால் இடது ஷூவைத் தள்ளினாள், பிறகு மற்றதை. வெறுங்காலோடு கதவைத் திறந்து, கீழ்த் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை உருவி, கதவைச் சாத்தினாள். பாட்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரல்களைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஷூவை மாட்டிக்கொண்டு வந்து பாட்டிலை மேஜையில் வைத்தாள். தான் செய்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

மேஜைக்கு அடியில் கஸ்தூரி என் காலை மிதித்தாள்.

"பாத்தீங்களா?"

தலையை ஆட்டினேன். ஈவன் எல்லாருக்கும் ஒயின் ஊற்றிக்கொண்டே வந்து, என் முறை வந்ததும் வழக்கம்போல நிறுத்தி, தண்ணீர் ஊற்றினார்.